இரண்டு ரூபாய்த் தயாரிப்பாளர்கள்

சென்னையில் ஒரு பிரிவியூ தியேட்டர். படம் முடிந்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. முடிவு எழுத்து ஓடத் தொடங்கியதுமே காலால் செருப்பைத் துழாவுகிற நம் கூட்டம், அன்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. திரையில் நாலு பத்தியாகப் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவரவர் பெயர் வருகிற நொடிக்காக அவரவர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா பேரன் பெயரில் பணம் கட்டியிருந்தார் போல. "வந்திருச்சு, வந்திருச்சு" என்று பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். என் பெயரும் வந்தது, இனிஷியல் மாறி. அந்தப் படத்தை எடுக்க நான் கொடுத்திருந்தது 500 ரூபாய்.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதும்போது கை நின்றுவிட்டது. இந்த 500-ஐ எந்தத் தலைப்பில் போடுவது? நன்கொடையா, முன்கூட்டியே எடுத்த டிக்கெட்டா, கைமாற்றா, படத்தில் எனக்குள்ள பங்கா?

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் பிறந்தவனுக்கு இந்தக் குழப்பம் வரக் கூடாது. பல பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒருவருக்குப் பெருந்தொகை சேர்த்துக் கொடுப்பது எங்களுக்கு ஆடி மாதச் சமாச்சாரம். மொய் விருந்துப் பந்தலில் ஒரு பக்கம் கறிச்சாப்பாடு நடக்கும், மறுபக்கம் மேசை போட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதுவார்கள். விருந்து வைத்தவர் அன்றைக்கு லட்சக்கணக்கில் அள்ளிப் போகலாம். ஆனால் நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் கடன். எழுதினவர் விருந்து வைக்கும்போது போய், வாங்கினதற்கு மேல் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு வர வேண்டும். மறந்தால் ஊர் நினைவுபடுத்தும். மாரியம்மன் திருவிழாவுக்கு வாங்கும் தலைக்கட்டு வரிக்கு வேறு நோட்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பார்கள், ராத்திரி நாடகத்துக்கான கூலியும் அதிலிருந்துதான் போகும். வரி கொடுத்தவனுக்குக் கிடைப்பது, தைரியமாக முன்னால் பாய் விரிக்கிற உரிமை. உண்டியலுக்கு நோட்டே கிடையாது. போட்டதோடு சரி.

பல பேரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டுவதைச் சொல்லும் கிரவுட் ஃபண்டிங் என்ற சொல் இத்தனையையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிடுகிறது. பொதுமக்களின் சில்லறையில் படம் எடுத்த கதைகளைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: எவ்வளவு திரண்டது என்பதைவிட, கொடுத்தவர்களை எந்த நோட்டில் எழுதினார்கள், படம் முடிந்த பிறகு அந்த நோட்டை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதை வைத்தே அந்தப் படங்களின் தலையெழுத்து அமைந்திருக்கிறது.

இணையம் வந்துதான் இதெல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1957-ல் நியூயார்க்கில் ஜான் கசவெட்டிஸ் என்ற இளம் நடிகர், ஜீன் ஷெப்பர்ட் நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் ஆளுக்கு ஓரிரு டாலர் அனுப்புங்கள் என்று கேட்டார். சுமார் 2,000 டாலர் வந்து சேர்ந்தது. 'ஷேடோஸ்' உருவானது அப்படித்தான். அந்த வானொலியைக் கேட்டு ராத்திரி விழித்திருக்கும் கூட்டத்துக்கு 'நைட் பீப்பிள்' என்று பெயர். அந்தப் பெயரே படத்தின் தொடக்கத்தில் வழங்குபவராக வருகிறது. பிறகு கசவெட்டிஸ் படத்தின் பெரும்பகுதியை மறுபடியும் எடுத்து மாற்றிவிட்டார். முதல் வடிவத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய விமர்சகர் ஜோனஸ் மேகஸ், இரண்டாவதைப் பார்த்துச் சண்டைக்கே வந்தார். ஒரு டாலர் அனுப்பியவர்களிடம் எந்தப் படம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது உண்டியல் பணம்.

நம் நாட்டில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் சொல்வது 'மந்தன்'. ஷ்யாம் பெனகல் இயக்கி 1976-ல் வெளிவந்த இந்திப் படம், பெயருக்குக் கடைதல் என்று பொருள். குஜராத்தின் பால் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட, 10 லட்சம் ரூபாயில் எடுத்தது. 'குஜராத்தின் 5,00,000 விவசாயிகள் வழங்கும்' என்றுதான் திரையில் தொடங்கும். இதைக் கேட்டதும் வீடு வீடாக உண்டியல் குலுக்கியது போன்ற ஒரு சித்திரம் மனதில் வரும். நடந்தது அப்படி இல்லை.

பால் சங்கத்தில் பால் ஊற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். தூக்குவாளியோ கேனோ எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அளந்து ஊற்றியதும் சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள், அதை வைத்து விலை போடுவார்கள், பேரேட்டில் வரவு வைப்பார்கள். குஜராத்தில் இந்த வரிசை ஊருக்கு ஊர் காலையும் மாலையும் நின்றுகொண்டிருந்தது. ஊர்ச் சங்கங்களுக்கு மேலே மாவட்ட ஒன்றியங்கள், அவற்றுக்கு மேலே 1973-ல் உருவான மாநிலக் கூட்டமைப்பு, அமுல் என்று உலகம் அறிந்தது. அந்தக் கூட்டமைப்பை நடத்திய வர்கீஸ் குரியன் செய்ததெல்லாம், ஒருமுறை பால் காசில் 2 ரூபாய் பிடித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியதுதான். வசூலிக்கத் தனியாக ஆள் வேண்டாம், ரசீதுப் புத்தகம் வேண்டாம், கொடுத்தவர்களின் பட்டியல்கூட ஏற்கெனவே பேரேட்டில் இருக்கிறது. சில்லறை திரட்டுவதில் காசைவிடப் பெரிய செலவு, அந்தக் காசைச் சேர்க்கிற செலவு. குரியனுக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யம். தலைக்கட்டு வரியேதான், ஊர்க்கூட்டம் மட்டும் மாநில அளவில்.

குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். கணக்கில் கெட்டி என்பது தெரிகிறது. கூட்டுறவைப் பற்றிப் பெனகல் முன்பே ஆவணப்படங்கள் எடுத்துக் கொடுத்திருந்தார். அவற்றை ஏற்கெனவே சங்கத்தில் இருந்தவர்கள்தான் பார்த்துத் தலையாட்டினார்கள். கதைப்படமாக எடுத்தால்தான் வெளியே போகும் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. விஜய் தெண்டுல்கர் திரைக்கதையில் கை வைத்தார், கோவிந்த் நிஹ்லானி ஒளிப்பதிவு. கிரீஷ் கர்னாட் கால்நடை மருத்துவராக வருவார், ஸ்மிதா பாட்டீலும் நஸீருதீன் ஷாவும் கிராமத்து ஆட்களாக. ராஜ்கோட் பக்கத்தில் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு.

எனக்கு முக்கியமாகப் படுவது வெளியீட்டுக்குப் பிறகு நடந்ததுதான். தாங்கள் எடுத்த படத்தைப் பார்க்க விவசாயிகள் லாரி லாரியாகத் தியேட்டருக்கு வந்தார்கள். அதோடு நிற்கவில்லை. 16 எம்.எம். பிரதிகள் போட்டு, கால்நடை மருத்துவர், தீவனம் தெரிந்தவர், பால் தொழில்நுட்பம் தெரிந்தவர் என்று ஒரு குழுவோடு மற்ற மாநிலக் கிராமங்களுக்கு அனுப்பினார் குரியன். படத்தைப் போடு, பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், அங்கேயே சங்கம் தொடங்கு. அதாவது 2 ரூபாய் கொடுத்தவரின் படம் அடுத்த மாநிலத்தில் இன்னொரு பால்காரரைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இதை விளம்பரப் படம் என்று ஒதுக்குவோர் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது, கூட்டுறவுக்கு எதிராக ஒரு படம் எடுக்க அந்த 2 ரூபாய் கிடைத்திருக்காது. ஆனாலும் பால் சங்கத்துக்குள்ளேயே சாதி எப்படி நடமாடுகிறது, தேர்தலில் யார் யாரை அமுக்கப் பார்க்கிறார்கள் என்பதைப் படம் மறைக்கவில்லை. பணம் போட்டவர்களை முகஸ்துதி செய்யாமல் அவர்கள் பணத்திலேயே படம் எடுத்துவிட்டார் பெனகல்.

இதே வழியில் 1987-ல் கைத்தறிக் கூட்டுறவு அமைப்புகளின் பணத்தில் போச்சம்பள்ளி நெசவாளர்களைப் பற்றி 'சுஸ்மன்' எடுத்தார். நல்ல படம். ஆனால் லாரி ஏறி வந்து பார்க்க அந்தக் காலை வரிசை அங்கே இல்லை.

குரியன் பிறந்த அதே கோழிக்கோட்டில் 1984-ல் நேர் எதிரான ஒரு முயற்சி தொடங்கியது. சங்கம் கிடையாது, பேரேடு கிடையாது, பணமும் கிடையாது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீனின் 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' என்ற கப்பல் படத்தில் வரும் அந்தத் துறைமுகத்தின் பெயர். ஜானைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெங்கட் சாமிநாதன் எழுதி, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் நடித்து, 1977-ல் வந்த 'அக்ரஹாரத்தில் கழுதை' அவருடையது. தேசிய விருது பெற்ற அந்தப் படத்தைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம், பார்த்தவர்கள் குறைவு. எடுத்த படத்தைக் காட்ட வழியில்லை என்றால் என்ன ஆகும் என்பதை ஜான் தமிழ்நாட்டிலேயே படித்துக்கொண்டு போனார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒடேசாவின் திட்டம் எளிமையானது, கேட்டால் சிரிப்பு வரும். தயாரிப்பாளர் இல்லை, விநியோகஸ்தர் இல்லை, மக்கள்தான் இரண்டும். ஊர் ஊராகப் போவார்கள். செண்டை கொட்டிக் கூட்டம் சேர்ப்பார்கள், தெரு நாடகம் போடுவார்கள், சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரை கட்டிக் காட்டுவார்கள். முடிந்ததும் துண்டேந்துவார்கள். நாங்கள் ஒரு படம் எடுக்கப் போகிறோம், முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுங்கள். வந்தது சில்லறையும் கசங்கிய நோட்டும். சாப்ளினை ஏன் காட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கையேந்துவதற்கு முன்னால் அவர்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். பத்து பைசா போட்டவன் ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் போட்டான், அடுத்த படத்துக்காக.

அப்படிச் சேர்ந்த பணத்தில் 1986-ல் வந்தது 'அம்ம அறியான்'. கறுப்பு வெள்ளை, வேணு ஒளிப்பதிவு, பீனா பால் படத்தொகுப்பு. டெல்லிக்குப் புறப்படும் புருஷன் வழியில் ஒரு சடலத்தைப் பார்க்கிறான். தெரிந்த முகம் மாதிரி இருக்கிறது. பயணத்தைக் கைவிட்டு, இறந்தவன் யார் என்று நண்பர்களைத் தேடிப் போகிறான். தெரிந்ததும், கொச்சியில் இருக்கும் அவன் அம்மாவிடம் சொல்லக் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் சேர்ந்துகொள்ள, கடைசியில் அந்தத் தாயின் முன் ஒரு கூட்டமே போய் நிற்கிறது. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது என்பது அந்தப் படத்துக்குப் பணம் திரட்டிய விதமும்கூட. பணம் வந்த வழியே கதையின் வடிவமாகிவிட்ட வேறொரு படம் எனக்குத் தெரியாது.

படம் முடிந்ததும் அதைத் தியேட்டர்காரர்களிடம் கொண்டுபோய்க் கெஞ்சவில்லை. எந்த வழியில் வசூலித்தார்களோ அதே வழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனார்கள். கேரளம் முழுக்க வணிகம் சாராமல் திரையிட்டார்கள். துண்டு விரித்த இடத்தில் திரை விரித்தார்கள், அவ்வளவுதான். 1987 மே 31 அன்று ஜான் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். நாலே கதைப்படங்கள். ஒடேசா அதன் பிறகும் ஆவணப்படங்கள் எடுத்தது, ஆனால் அந்த அளவில் இன்னொரு கதைப்படம் வரவில்லை. இந்த முறையின் பலவீனமும் இதில் தெரிகிறது. பால் சங்கத்தில் குரியன் போனாலும் மறுநாள் காலை வரிசை நிற்கும். செண்டைக்கு அப்படி இல்லை, அடிக்கிற ஆள் வேண்டும்.

அந்த ஆள் திரும்பவும் வந்தது இணையம் வழியாக. கேரளத்திலேயே சனல்குமார் சசிதரன் 2014-ல் 'ஒராள்ப்பொக்கம்' படத்துக்கு முகநூலில் பணம் திரட்டினார். தியேட்டர் கிடைக்காதபோது 'சினிமா வண்டி' என்று ஒரு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர் ஊராகப் படத்தைக் காட்டப் போனார்கள். ஜானின் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தது போல.

கன்னடத்தில் நடந்தது வேறு வகை. பவன் குமாரின் முதல் படம் 2011-ல் வந்திருந்தது. இரண்டாவது கதைக்குத் தயாரிப்பாளர் அமையவில்லை. புலம்பலும் கோபமுமாகத் தன் மனதை இணையத்தில் எழுதிப் போட்டார். 27 நாளில் 51 லட்சம் ரூபாய் சேர்ந்தது. 'லூசியா' 2013 செப்டம்பரில் வெளியாகி ஓடியது, லண்டன் இந்தியப் பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது, தமிழில் 'எனக்குள் ஒருவன்' என்று 2015-ல் மறு ஆக்கமாக வந்தது. கிரவுட் ஃபண்டிங் பற்றிப் பேசும் எல்லாரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் பணம் போட்டவர்கள் சுமார் 110 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 46,000 ரூபாய் சொச்சம். இது சில்லறை அல்ல. லாபத்தில் பங்கு எதிர்பார்த்து வந்த சின்ன முதலீட்டாளர்களின் பணம். அதில் தவறொன்றும் இல்லை, அந்த வழியும் வேண்டும். 'மந்தன்' 2 ரூபாயோடு இதை ஒரே வரியில் எழுதுவதுதான் தவறு. ஓனிர் இயக்கிய 'ஐ ஆம்' படத்துக்குப் பங்களித்தவர்களும் சுமார் 400 பேர்தான்.

தமிழில் லீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2019-ல் தென்கொரியாவின் பூசான் பட விழாவுக்குப் போனது. அதுவும் மக்கள் பணத்தில் உருவான படம். கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்ணின் கதையை வட்டிக்குப் பணம் விடும் ஃபைனான்சியரிடம் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது "ஹீரோ யாரு?" என்பதாகத்தான் இருக்கும். இங்கே சுயாதீனப் படத்தின் சிக்கல் வட்டி மட்டும் அல்ல. முகம் தெரிந்த நடிகர் இல்லாத கதைக்கு விநியோகஸ்தரின் அட்வான்ஸ் இல்லை, அது இல்லாமல் ஃபைனான்ஸ் இல்லை. இந்த வட்டத்தை உடைக்கச் சில்லறைப் பணத்தால் முடிகிறது. ஆனால் ஒருமுறைதான் உடைக்கிறது, அதை முன்னே வைத்துதான் கணக்குப் போட வேண்டும்.

போட்டுத்தான் பார்ப்போமே. 20 லட்சம் ரூபாய் இலக்கு, ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பேர் வேண்டும். வேண்டுகோளைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் கொடுத்தால்கூட 4 லட்சம் பேர் கண்ணில் அது பட வேண்டும். திரட்டித் தரும் தளத்துக்கு 5 சதவீதமும் பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் போனால் 1,60,000 ரூபாய். கொடுத்தவர்களுக்குக் கையெழுத்திட்ட ஒரு போஸ்டர் அனுப்புகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அச்சு, குழல் உறை, கூரியர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 80 ரூபாய் என்றாலும் 3,20,000. ஆக கேமரா ஆன் ஆவதற்கு முன்பே கிட்டத்தட்டக் கால் பங்கு கரைந்துவிடும். உதவி இயக்குநர்கள் லொகேஷன் பார்க்கப் போக வேண்டிய வாரத்தில் பின்கோடு சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். தளத்தை விட்டுவிட்டு நேரே யூபிஐ-யில் வாங்கினால் கமிஷன் மிச்சம்தான். 2016-ல் வந்த யூபிஐ, பத்து ரூபாய் அனுப்புகிற செலவைக் குரியனின் பேரேடு போலவே பூஜ்யமாக்கிவிட்டது. ஆனால் அனுப்பச் சொல்லிக் கேட்கிற செலவு அப்படியே இருக்கிறது. க்யூஆர் கோடு தானாகச் செண்டை அடிக்காது.

2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இந்த வேலையை ஒரு கடை மாதிரி ஒழுங்குபடுத்தியது. இலக்குத் தொகை முழுதும் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் எடுக்க மாட்டார்கள். கறாராகத் தெரிந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. 20 லட்சம் வேண்டிய படத்துக்கு 7 லட்சம் கிடைத்தால் எடுப்பது அரைப் படம், அரைப் படத்தை யாரும் பார்க்க முடியாது. இதில் பெரிய பேச்சானது 2013-ல் 'வெரோனிக்கா மார்ஸ்'. நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரைப் படமாக்க 91,585 ரசிகர்கள் 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள், தலைக்குச் சுமார் 62 டாலர். உரிமை வைத்திருந்ததோ வார்னர் பிரதர்ஸ் என்ற மலை முழுங்கி. சின்னவர்களுக்கான வாசலில் யானை புகுந்துவிட்டது என்று அப்போதே எரிச்சல்பட்டார்கள். படம் வந்த அன்று இன்னொரு வேடிக்கை. வாக்குறுதி கொடுத்திருந்த டிஜிட்டல் பிரதி, பலரிடம் உள்ள கருவிகளில் ஓடவில்லை. கொடுத்தவர்கள் கொதித்துப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கேட்டவர்களுக்குக் கிடைத்தது. உண்டியலில் போட்டவன் இப்படிக் கேட்க மாட்டான். அவர்கள் தங்களை முன்பதிவு செய்த வாடிக்கையாளர்களாகவே எண்ணியிருக்கிறார்கள்.

எந்த நோட்டு என்ற கேள்வியைச் சட்டமும் கேட்கும், நம்மைவிடக் கறாராக.

பங்கு தருகிறேன் என்று சொன்ன மறுகணம் கம்பெனிச் சட்டம் வந்துவிடும். 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தனியார் கம்பெனி தன் பங்குகளை ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் கொடுக்க முடியாது. தாண்டினால் அது பொதுமக்களுக்கான வெளியீடு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் வாசலில் நிற்க வேண்டும். இணையம் வழியே சிறு பங்கு விற்பது பற்றி 2014-ல் செபி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, அது விதியாகவில்லை. அமெரிக்காவில் 2016-லிருந்து இதற்கென்றே தனி விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. ஆக இங்கே 110 பேரோடு பங்கு பேசலாம், 4,000 பேரோடு பேசக் கூடாது.

சரி, அன்பளிப்பு என்று வாங்கலாமா? உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு தனிநபருக்கு ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. இயக்குநர் தன் சொந்த வங்கிக் கணக்கின் க்யூஆர் கோடைப் போட்டுவிட்டு, அடுத்த ஜூலையில் ஆடிட்டர் முன்னால் விழிப்பது இதனால்தான்.

தமிழர்களுக்கென்றே இன்னொரு கண்ணி இருக்கிறது. நல்ல படம் என்றால் கை நீட்டிக் கொடுப்பவர்களில் பலர் டொரண்டோவிலும் லண்டனிலும் ஜூரிச்சிலும் இருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே கனடா குடியுரிமை வாங்கிய பிறகு அனுப்பினால் ஆகும். ஈழத்திலிருந்து போனவர் அனுப்பினாலும் ஆகும். பண்பாட்டுப் பணிக்கு என்று நன்கொடையாக வாங்கினால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ தேவை. படத்தின் ஆன்லைன் டிக்கெட்டை வழக்கமான வியாபாரமாக விற்றால் கணக்கு வேறு. ஒரே 20 டாலர், ஒரே சித்தப்பா, எழுதுகிற தலைப்பை வைத்துச் சட்டம் மாறுகிறது.

இவ்வளவு தாண்டிப் படத்தை முடித்தவர்கள் பொதுவாகச் சறுக்குவது அடுத்த படியில். திரட்டியது படப்பிடிப்புக்கும் எடிட்டிங், டப்பிங், டிஐ என்ற நிறச் சீரமைப்பு வேலைகளுக்கும் சரியாகப் போயிருக்கும். அதற்குப் பிறகு தணிக்கைக் கட்டணம், போஸ்டர், தியேட்டரில் டிஜிட்டலாகப் படம் போடுவதற்கான கட்டணம். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். பெரிய தயாரிப்பாளர்களையே கதறவைத்த செலவு அது. எல்லாம் கட்டினாலும் காலை பதினொரு மணிக் காட்சி ஒன்று கிடைக்கும், வெள்ளி முதல் ஞாயிறு வரை.

அந்தக் கட்டத்தில் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே சொத்து கொடுத்தவர்களின் பட்டியல். ஆச்சரியம் என்னவென்றால் பலர் அதைத் தொடுவதே இல்லை. பணம் வந்த நாளில் நன்றி சொல்லி ஒரு செய்தி, அதோடு சரி. எந்த ஊரில் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் திருநெல்வேலியில் அறுபது பேர், கோவையில் நூற்றுச் சொச்சம், தஞ்சாவூரில் முப்பது என்று ஏதோ ஒரு வரைபடம் கிடைக்கும். அறுபது பேர் ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வந்தால் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் ஒரு காட்சி. ஒடேசா செய்தது இதைத்தான், செல்போன் இல்லாமல். நான் பணம் கொடுத்த படமும் சென்னையில் அந்த ஒரு காட்சியோடு விழாக்களுக்குப் போய்விட்டது. பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று இயக்குநரிடம் கேட்டேன். "பார்க்கலண்ணே, எக்ஸெல்ல இருக்கு" என்றார்.

'மந்தன்' நெகட்டிவ் பழுதாகிக் கிடந்தது. பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. அந்த வேலையில் பெரும்பகுதி சென்னையில் பிரசாத் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது. 2024 மே மாதம் கான் விழாவில் காட்டினார்கள், ஜூன் தொடக்கத்தில், உலகப் பால் தினத்தையொட்டி, நாட்டின் பல நகரங்களில் மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். 48 ஆண்டுக்குப் பிறகும் முதலில் வந்து நிற்பது அந்த 5,00,000 விவசாயிகள்தான்.

என் 500 ரூபாய்க்கு வருவோம். சில மாதம் கழித்து என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். அந்த இயக்குநருக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தேன், வருவார் என்று நினைக்கவில்லை. பேருந்து பிடித்து வந்தார், இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார். ராத்திரி மொய் நோட்டைப் புரட்டும்போது எங்கள் சித்தப்பாவின் கையெழுத்தில் இருந்தது: "சினிமா டைரக்டர், சென்னை. 501." பெயரில் இனிஷியல் சரியாக இருந்தது.